பக்கத்துக் கட்டிலுக்குப் போன முட்டை

செருப்பு கடித்துக் காலை இழந்தவன் நான். இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் முதலில் சிரிக்கிறார்கள். அப்புறம் என் கைலிக்குக் கீழே பார்க்கிறார்கள். அப்புறம் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் இருமுகிறார்கள். லாரி ஏறியது, பாம்பு தீண்டியது, மூங்கில்துறைப்பட்டு ஆலையில் இயந்திரத்தில் மாட்டியது என்றால் ஒரு மரியாதை இருக்கும். செருப்பு என்றால் மரியாதை இல்லை. உண்மை அதையும்விடக் கேவலமானது. செருப்பு கடித்த இடம் சுண்டைக்காய் அளவுதான். காலைக் கொண்டுபோனது ரசம் சோறு.

எங்களுக்குச் சங்கராபுரம் கடைத்தெருவில் துணிக்கடை. முன்னால் கடை, பின்னால் வீடு. அத்தா ஆரம்பித்தார், நான் கெடுக்காமல் வைத்திருந்தேன், அவ்வளவுதான் என் சாமர்த்தியம். அப்போது எங்கள் பக்கமெல்லாம் விழுப்புரம் மாவட்டம். வாரத்தில் ஒருநாள் கைலி, பாவாடை, துண்டு, சின்னப் பிள்ளைகள் சட்டை எல்லாவற்றையும் மூட்டை கட்டி மொபெட்டின் பின்னால் வைத்துக்கொண்டு கல்வராயன் மலையேறுவேன். வெள்ளிமலைச் சந்தையில் உட்கார்ந்து விற்பேன். பாய் கடைத் துணி சாயம் போகாது என்று மலையில் எனக்கு ஒரு பேர் இருந்தது. அது பாதி உண்மை. நாற்பது வயதாவதற்குள் சர்க்கரை வந்துவிட்டது. எங்கள் குடும்பத்து ஆண்களுக்குச் சர்க்கரை வருவது மீசை முளைப்பது மாதிரி. யாரும் அதற்காகக் கூடி உட்கார்ந்து அழமாட்டார்கள்.

அந்த வருஷம் ரம்ஜான் பெருநாளுக்குப் புதுச் செருப்பு வாங்கினேன். காலையில் தொழுகைக்குப் போனேன், சொந்தக்காரர் வீடுகளையெல்லாம் சுற்றினேன், மத்தியானம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தரையில் ஈரமாக ஒரு தடம் இருப்பதைப் பார்த்து என் மனைவிதான் கத்தினாள்.

"இன்னாங்க, கால்ல ரத்தம் வருது, நீங்க பாட்டுக்கு நின்னுக்கினு கீறீங்க?"

வலது கால் கட்டைவிரலுக்குக் கீழே, பக்கவாட்டில் தோல் உரிந்திருந்தது. வலியே இல்லை. வலி இல்லை என்று நான் சந்தோஷப்பட்டேன். சர்க்கரைக்காரன் காலில் வலி இல்லை என்பதுதான் கெட்ட சேதி என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. முதலில் ஊதா மருந்து தடவினோம். பிறகு மஞ்சளும் வேப்பெண்ணெயும். பிறகு மருந்துக்கடையில் வாங்கிய குழாய் மாத்திரையைப் பிரித்து, உள்ளே இருந்த பொடியைப் புண்ணின்மேல் தூவினோம். எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். வயிற்றுக்குள் போக வேண்டியதைக் காலில் போடுகிற புத்தி எங்களுக்கு அப்போதே இருந்தது.

புண் ஆறவில்லை. பெருநாள் போய், மழைக்காலம் வந்தும் அது அப்படியே வாயைத் திறந்துகொண்டு இருந்தது. அம்மா பத்தியத்தைக் கையில் எடுத்தாள்.

அம்மாவைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரமாட்டேன் என்கிறது. அவளுக்குக் காரணம் இருந்தது. அத்தாவுக்கு முதுகில் ராஜபிளவை என்கிற பெரிய கட்டி வந்திருந்தது. கொஞ்சம் ஆறுகிற மாதிரி இருந்தபோது மணலூர்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போனார். அங்கே திருப்தியாகப் பிரியாணி சாப்பிட்டார். அந்த வாரமே காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தார். அவருக்கும் சர்க்கரை இருந்திருக்கும், அதை யாரும் பார்க்கவில்லை. அம்மா பார்த்தது பிரியாணியைத்தான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்கு ஒரு கொப்புளம் வந்தாலும் கறியும் மீனும் முட்டையும் கருவாடும் வாசலோடு நின்றுவிடும்.

"கறி துன்னா புண்ணு பொங்கும். முட்டை துன்னா சீ புடிக்கும்," என்பாள். "சீ எப்டி கீது? வெள்ளையா, கொழகொழன்னு. முட்டை எப்டி கீது? நீயே சொல்லு."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சாயம் போகும் துணியையும் போகாத துணியையும் விரலால் தடவியே சொல்லிவிடுகிற எனக்கு, முட்டைக்கும் சீழுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றவில்லை.

உடம்பு சரியில்லை என்றால் எங்கள் ஊரில் பார்க்க வருவார்கள். வந்தவர்கள் யாரும் வெறுங்கையோடு போகவில்லை. ஆளுக்கொரு பதார்த்தத்தை என் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போனார்கள். கத்தரிக்காய் கரப்பான் என்று ஒருவர் எடுத்துக்கொண்டு போனார். துவரம்பருப்பு வாயு என்று இன்னொருவர். வேர்க்கடலை பித்தம், கொள்ளு சூடு, தயிர் சீதளம், பால் சளி. என் மச்சான் ஒருவர் கள்ளக்குறிச்சியிலிருந்து பஸ் பிடித்து வந்து, மொச்சைக் கொட்டையைத் தடை செய்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார். எல்லாரும் பிரியத்தோடுதான் செய்தார்கள். அவர்கள் போனபிறகு தட்டில் மிச்சம் இருந்தது பூண்டு ரசமும் சோறும் சுட்ட அப்பளமும்.

அந்தச் சோற்றையும் டாக்டர் எடுத்துக்கொண்டார். நான் காட்டிக்கொண்டிருந்த டாக்டர் நல்ல மனிதர், கைராசிக்காரர் என்று பேர் வாங்கியவர். சர்க்கரை ஜாஸ்தியாக இருக்கிறது, அரிசியைப் பாதியாகக் குறை என்றார். குறைத்தேன். நல்ல சத்தான ஆகாரமாகச் சாப்பிடு என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் கண் அடுத்த நோயாளியிடம் போயிருந்தது. சத்தான ஆகாரம் என்றால் எது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா ரசத்தில் இரண்டு பல் பூண்டை ஜாஸ்தியாகப் போட்டாள்.

நான் இளைக்க ஆரம்பித்தேன். துணிக்கடைக்காரனுக்கு உடம்பு இளைப்பது கண்ணாடியில் தெரியாது, சட்டையில் தெரியும். கடை அலமாரியில் என் சட்டை அளவு ஒரு தட்டு கீழே இறங்கியது, அப்புறம் இன்னொரு தட்டு. டாக்டர் எடை பார்த்துவிட்டு, "பரவாயில்லையே பாய், நல்லா குறைச்சிட்டீங்களே," என்று முதுகில் தட்டினார். எனக்கும் பெருமையாக இருந்தது. கடைக்கு வந்தவர்கள் சின்னப் பையன் மாதிரி ஆயிட்டீங்க என்றார்கள். கால் உள்ளே அழுகிக்கொண்டிருந்தபோது ஊரே சேர்ந்து என்னைப் பாராட்டிக்கொண்டிருந்தது.

பக்ரீத் வந்தது. எங்கள் வீட்டில் குர்பானி கொடுத்தோம். எங்களுக்கு ஒரு பங்கு, சொந்தக்காரர்களுக்கு ஒரு பங்கு, இல்லாதவர்களுக்கு ஒரு பங்கு என்று கறியைப் பிரிப்பது என் வேலை. நடக்க முடியாததால் அன்று உட்கார்ந்த இடத்திலேயே பிரித்து, பை பையாகக் கட்டிக் கொடுத்தேன். கை முழுக்கக் கொழுப்பு. வீடு முழுக்க மசாலா வாசனை. மத்தியானம் எல்லாருக்கும் தட்டு வைத்தபிறகு அம்மா எனக்கு ரசம் சோறு கொண்டுவந்தாள். வைத்துவிட்டுப் போகவில்லை. தனக்கும் ஒரு தட்டில் அதே ரசம் சோற்றைப் போட்டுக்கொண்டு எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"நீ ஏம்மா இதைத் துன்ற? கறி துன்னு," என்றேன்.

"எம்புள்ள துன்னாதது எனக்கு எதுக்குடா?" என்றாள். "உனக்கு ஆறட்டும். அப்பால ரெண்டு பேரும் சேந்து துன்னலாம்."

எனக்குப் புண் வந்த நாளிலிருந்தே அவள் கறி தின்னவில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இப்படி ஒரு அம்மாவை வைத்துக்கொண்டு பத்தியத்தை எப்படி முறிப்பது? எதிரியாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன். ஒரு தடவை என் மனைவி, யாருக்கும் தெரியாமல் ஒரு ஆம்லெட் போட்டுத் தரட்டுமா என்று கேட்டாள். அவளைத்தான் நான் திட்டினேன்.

ஒருநாள் காலையில் கட்டைவிரல் கறுத்துப்போயிருந்தது. அதற்குமேல் உள்ளூரில் வைத்துப் பார்க்க முடியாது என்று பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல வேண்டியதில்லை. எல்லா ஆஸ்பத்திரியிலும் இதுதான் நடந்திருக்கும். முதலில் விரலை எடுத்தார்கள். பாதத்தைக் காப்பாற்றப் பார்ப்போம் என்றார்கள். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். விரல் போனால் போகட்டும், கால் இருந்தால் மொபெட்டில் மலையேறிவிடுவேன். எத்தனை தொழுகை உண்டோ அத்தனையிலும் அதையே கேட்டேன்.

எனக்குப் பக்கத்துக் கட்டிலில் கல்வராயன் மலைக்காரர் ஒருவர் இருந்தார். என் வயதுதான் இருக்கும். மிளகு பறிக்கக் கேரளாவுக்குப் போன இடத்தில் காலில் ஏதோ குத்தி, அங்கேயே கட்டுப்போட்டுக்கொண்டு வேலை செய்து, கணுக்காலுக்குமேல் உள்ளங்கை அகலத்துக்குப் புண்ணை வளர்த்துக்கொண்டு வந்து சேர்ந்திருந்தார். அவரைப் பார்த்துக்கொள்ள அவர் மனைவி இருந்தார். சந்தையில் என்னைப் பார்த்திருக்கிறார்களாம். "நம்ம துணி பாய்," என்று மலைக்காரர்தான் முதலில் பேச்சுக் கொடுத்தார். அவர் புண் என் புண்ணைவிடப் பெரியது. அவரைப் பார்த்து நான் பரிதாபப்பட்டேன். அதுவும் ஒரு ஆறுதலாக இருந்தது.

அந்த ஆஸ்பத்திரியில் உள்நோயாளிகளுக்குக் காலையில் பாலும் ரொட்டியும், மத்தியானம் சாப்பாட்டோடு ஒரு வேகவைத்த முட்டையும் கொடுப்பார்கள். முதல் நாள் தட்டில் முட்டையைப் பார்த்ததும் அம்மா பதறிவிட்டாள். தட்டிலிருந்து அதை எடுத்துக் கையில் மறைத்துக்கொண்டாள்.

"புண்ணுக்காரனுக்குப் போயி முட்டையைக் குடுக்கிறானுங்களே, இவனுங்களுக்கு அறிவு கீதா?" என்று என் காதோடு சொன்னாள். பிறகு கொஞ்சம் யோசித்தாள். "வீணாக்கக் கூடாது. பக்கத்துல அந்த மலைக்காரருக்குக் குடுத்துடலாம். நன்மையா போவும்."

மலைக்காரர் மனைவி முதலில் தயங்கினார். "எங்க ஊர்லயும் புண்ணுக்குக் கோழி, முட்டை ஆவாதுன்னுதான் சொல்லுவாங்க ஆயா," என்றார் அம்மாவிடம். "ஆனா ஆஸ்பத்திரில குடுக்கிறதை வேணாம்னா நர்சம்மா திட்டுவாங்களோன்னு பயமா கீது. அதான் இவருக்குக் குடுத்துக்கினு கீறேன்."

அந்தம்மாவுக்கு முட்டையும் மருந்து மாத்திரை மாதிரிதான். கொடுத்தால் விழுங்க வேண்டும். மலைக்காரருக்கோ நல்ல பசி. மூங்கில்கூடை மாதிரி விலா எலும்பு தெரிந்த உடம்பு. அன்றிலிருந்து என் முட்டை அவருக்குப் போனது. சளி பிடிக்கும் என்று என் பாலும் போனது. அவர் தன் பங்கோடு என் பங்கையும் சேர்த்துத் தின்றார். நான் ரசத்தைக் குடித்துக்கொண்டே அவர் தின்பதைப் பார்ப்பேன். தானம் செய்கிறவனுக்கு வருகிற ஒரு நிறைவு எனக்கு வரும். ஒரு ஏழைக்கு வயிறார உதவுகிறோம், இதற்காகவாவது என் காலுக்கு ஒரு வழி பிறக்கும் என்று நினைத்துக்கொள்வேன். இன்று அதை நினைத்தால் சிரிப்பு வருகிறது, ஆனால் சிரிக்க முடிவதில்லை.

காலையில் கட்டுப் பிரிக்கும்போது இருவர் புண்ணையும் நான் பார்ப்பேன். ஒரே மருந்துத் தண்ணீரில் கழுவினார்கள், ஒரே துணியால் கட்டினார்கள். அவர் புண் வரவரச் சிவந்தது. மாதுளை முத்து மாதிரி சதை முளைத்து ஓரத்திலிருந்து நிரம்பி வந்தது. என் புண் வேகவைத்த மீன் மாதிரி வெளுத்துக் கிடந்தது. டாக்டர்கள் கூட்டமாக வந்து அவர் காலைக் காட்டி, இது நல்லா வருது என்பார்கள். என் காலிடம் வந்ததும் குரலைத் தாழ்த்திவிடுவார்கள். ஊசியை மாற்றினார்கள். சர்க்கரையைப் பார்த்தார்கள். ரத்த ஓட்டத்தைப் பார்த்தார்கள். பீடி உண்டா, சிகரெட் உண்டா என்று கேட்டார்கள். இத்தனை படித்தவர்கள் வந்து போனார்களே, சோறு என்ன தின்கிறாய் என்று ஒருவராவது கேட்டாரா? கேட்கவில்லை. முட்டை தட்டில் வைத்தாகிவிட்டது, தட்டு காலியாகத் திரும்பி வருகிறது, அதோடு அவர்கள் கடமை முடிந்தது.

மலைக்காரருக்குத் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். ஒட்டிக்கொண்டது. எனக்கு ஒட்டுகிற அளவுக்குச் சதை இல்லை என்றார்கள். அவர் வீட்டுக்குப் போகிற நாள் என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து இரண்டு காலில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சந்தையில பாக்கலாங்க பாய். நீங்க வந்துடுவீங்க."

அவர் போன கொஞ்ச நாளில் என் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கறுப்பு மேலே ஏறிவிட்டது, இனி வைத்திருந்தால் உயிருக்கு ஆபத்து என்றார்கள். கையெழுத்துப் போட்டேன். மயக்கம் தெளிந்து எழுந்தபோது இல்லாத கட்டைவிரல் அரித்தது. அதுவரை ஒருநாளும் வலிக்காத கால், போனபிறகு வலித்தது.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. வெட்டிய இடத்தில் போட்ட தையல் பிரிந்தது. மொட்டையாக இருந்த காலின் நுனியில் மறுபடியும் அதே வெளுத்த புண். இன்னும் மேலே, தொடையில் எடுக்க வேண்டியிருக்கும் என்று பேச ஆரம்பித்தார்கள். அம்மா ரசத்தில் இருந்த புளியையும் நிறுத்தினாள்.

அந்த நேரத்தில் புதிதாக ஒரு டாக்டரம்மா வந்தார். வேகமாக நடப்பார், சிடுசிடுவென்று பேசுவார், எனக்கு முதலில் பிடிக்கவேயில்லை. வெட்டின காலைப் பார்த்தார். பிறகு யாரும் பார்க்காத என் நல்ல காலைப் பார்த்தார். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தினார். எடுத்தபோது அந்த இடம் குழியாகவே நின்றது.

"இந்தக் கால் இப்படி வீங்கியிருக்கே. என்ன சாப்பிடறீங்க?"

அவ்வளவுதான் கேள்வி. ஒரு வருஷத்துக்கு மேலாக எவ்வளவோ பேர் என்னைத் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள். இந்தக் கேள்வி அன்றுதான் முதன்முதலாக என் காதில் விழுந்தது. சொன்னேன். ரசம், சோறு, அப்பளம். அம்மா பெருமையாகச் சேர்த்துச் சொன்னாள். "ஒரு நாள் கூட நான் பத்தியம் தவற வுடலைங்க."

டாக்டரம்மா தலையில் கைவைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். பிறகு என்னிடம் கேட்டார். "நீங்க என்ன வேலை பண்றீங்க?"

"துணிக்கடைங்க."

"நூல் இல்லாம தறியில துணி வருமா? நான் தினமும் கட்டு மாத்தறேன், ஊசி போடறேன். சதை எதுலேர்ந்து வரும்? ரசத்துலேர்ந்தா? முட்டை, மீன், கறி, பருப்பு, பால், இதெல்லாம்தான் நூல். உங்க ரத்தத்துல அது இல்லவே இல்ல. புண்ணு வாயைத் தொறந்துக்கிட்டு சோறு கேக்குது, நீங்க பட்டினி போட்டிருக்கீங்க."

அம்மாவுக்கு அவர் பேசியது பாதி புரியவில்லை, மீதியை நம்பவில்லை. எனக்கு முழுக்கப் புரிந்தது. புரிந்த அந்த நிமிஷத்தில் என் கண்ணில் பட்டது காலியாக இருந்த பக்கத்துக் கட்டில்தான்.

மத்தியானம் முட்டை வந்தது. அம்மா வழக்கம்போல் கையை நீட்டினாள். நான் தட்டைத் தள்ளி வைத்துக்கொண்டேன்.

"வேணாண்டா கண்ணு. அத்தா போனது நெனப்பு கீதா?"

"இனிமே போறதுக்கு இன்னாமா கீது?" என்று கத்தினேன். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அம்மா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டாள். நான் முட்டையைத் தின்றேன். விரலில் ஒட்டிய மஞ்சள் கருவையும் வழித்துத் தின்றேன்.

மறுநாளிலிருந்து என் மனைவி பொறுப்பெடுத்துக்கொண்டாள். ஆட்டுக்கால் சூப், பருப்புக் கூட்டு, நெத்திலி வறுவல், சுண்டல். அம்மா அந்தத் தூக்குச்சட்டியைத் தொடவேமாட்டாள். எட்ட உட்கார்ந்து தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே என் முகத்தைப் பார்ப்பாள், எப்போது எனக்குக் காய்ச்சல் வரும் என்று. காய்ச்சல் வரவில்லை. புண் சிவந்தது. ஓரத்திலிருந்து நிரம்பியது. பக்கத்துக் கட்டிலில் நான் பார்த்த அதே சிவப்பு. தொடை தப்பியது. மூடிய புண்ணோடு வீட்டுக்கு வந்தேன்.

அம்மா தனக்கு ஒரு கணக்கு வைத்துக்கொண்டாள். வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொன்னாள். "கெட்டதை வெட்டி எடுத்தாங்க, ஆறிப்போச்சி. அது இருந்திருந்தா எந்த வைத்தியத்துக்கும் ஆறி இருக்காது." கேட்டவர்கள் தலையாட்டினார்கள். என் மனைவி ஒருதரம் வாயைத் திறந்தாள். நான் கண்ணைக் காட்டினேன், மூடிக்கொண்டாள். எனக்குள் கசப்பு இல்லாமல் இல்லை. ராத்திரியும் பகலும் இருந்தது. ஆனால் அதை அம்மா தலையில் கொட்டி நான் என்ன செய்வது? கால் திரும்பி முளைக்கவா போகிறது? ஒரு வருஷம் கறி தின்னாமல் எனக்காக ரசம் குடித்தவள். அவள் சாகிற வரைக்கும் அந்தக் கணக்கோடு இருந்துவிட்டுப் போகட்டும் என்று முடிவு செய்தேன். இதை ஒன்றைத்தான் என்னால் காப்பாற்ற முடியும் என்று தோன்றியது. அதனால் வெள்ளிமலைச் சந்தையைப் பற்றியோ, பக்கத்துக் கட்டில்காரரைப் பற்றியோ வீட்டில் பேச்சே எடுப்பதில்லை. சந்தைக்குப் போவதும் நின்றுவிட்டது.

அப்படியே சில வருஷம் ஓடியது. ஒருநாள் காலையில் கடையில் உட்கார்ந்திருந்தேன். கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தால் இடுப்புக்குக் கீழே வெளியே தெரியாது. கழற்றிய பொய்க்கால் பக்கத்தில் துணிக்கட்டுகளுக்கு நடுவில் சாய்ந்திருந்தது. அம்மா கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் கதவுப்பக்கம் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

தோளில் ஒரு பலாப்பழத்தோடு ஒருவர் படியேறி வந்தார். கையில் வைக்கோல் போட்ட கூடை. எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. நன்றாகச் சதை போட்டிருந்தார்.

"பாய்! சந்தைக்கே வரமாட்டேன்னுட்டீங்களே. கடைத்தெரு பூரா கேட்டுக்கினு வரேன்," என்றார்.

குரலில் தெரிந்துவிட்டது. "வாங்க, வாங்க, வெளில போய் டீ சாப்பிடலாம்," என்றேன். எழுந்து எப்படிப் போவேன் என்று யோசிக்காமலே சொன்னேன். அதற்குள் அவர் அம்மாவைப் பார்த்துவிட்டார். பழத்தை இறக்கி வைத்துவிட்டு அம்மா முன்னால் போய்க் குந்தினார்.

"ஆயா, என்னை நெனப்பு கீதுங்களா? பக்கத்துக் கட்டில்ல இருந்தேனே. காட்டுக் கோழி முட்டை இல்லீங்க, வூட்டுக் கோழிதான். உங்களுக்கோசரம் சேத்து வெச்சி எடுத்தாந்தேன்."

அம்மா சிரித்தாள். "எங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?"

"அப்படிச் சொல்லாதீங்க. இந்தக் காலே உங்க முட்டையில வந்த காலு." கைலியைத் தூக்கிக் காட்டினார். கணுக்காலுக்கு மேலே ஒட்டுப்போட்ட தோல் மட்டும் கொஞ்சம் நிறம் மாறி இருந்தது.

"காலு நல்லா ஆயிடுச்சி, போதும், விடுங்க," என்று நான் குறுக்கே பேசினேன். அவர் விடவில்லை. நன்றி சொல்ல வந்த மனிதரை யார் நிறுத்த முடியும்?

"மறுபடி காட்டறதுக்குப் போனப்ப புதுசா ஒரு டாக்டரம்மா இருந்தாங்க. இன்னா துன்னேன்னு கேட்டாங்க. பக்கத்துக் கட்டிலு பாயும் அவரு முட்டையை எனக்கே குடுத்துட்டாருங்க, பாலும் குடுத்துட்டாருங்கன்னு சொன்னேன். அதனாலதான்யா உனக்குச் சதை புடிச்சிது, ரெண்டு ஆளு சத்து உனக்கு ஒருத்தனுக்கு வந்துது, இல்லன்னா உன் காலை எடுத்திருப்பாங்கன்னாங்க. அப்பவே வரணும்னு இருந்தேன். பொழப்புல முடியலை."

அம்மாவின் கையில் பூண்டு அப்படியே இருந்தது. அவர் எழுந்து என் பக்கம் திரும்பினார். அப்போதுதான் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த பொய்க்காலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி அதைப் பார்த்தார். அவர் முகம் வெளிறிப்போனது. கூடையைக் கீழே வைத்தார். வரேங்க பாய் என்று சொன்னாரா, சொல்லவில்லையா என்று எனக்கு நினைவில்லை. படியிறங்கி வேகமாகப் போய்விட்டார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை என்று நான் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.

அம்மா கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நானும் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய்க் கூடத்தில் பாயில் உட்கார்ந்தேன். அடுப்பில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு தட்டோடு வந்து என் எதிரே உட்கார்ந்தாள். சூடு ஆறாத முட்டையை விரல் சுடச் சுட உரித்தாள்.

"அந்தாளு பஸ் ஸ்டாண்டுலேர்ந்து நடந்தா வந்தாரு?"

"ஆமாம்மா."

"அந்தப் பலாப்பழத்தைத் தூக்கிக்கினா?"

"தோள்ல வெச்சிக்கினு வந்தாரு. பாத்தியே."

உரித்த முட்டையை என் தட்டில் வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள்.

"ரெண்டு காலும் நல்லா கீதுல்ல அவருக்கு?"

"நல்லா கீதும்மா."

"துன்னு," என்றாள்.

தின்றேன். அவள் என் முகத்தையோ தட்டையோ பார்க்கவில்லை. என் கைலி தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு அடுத்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தாள்.